கொல்லிமலைப் பேருந்தில் குமட்டல்: சுக்கா, சத்து மாத்திரையா, வாந்தி மாத்திரையா?

கடிதத்தின் சாரம்

கடந்த ஜூன் மாதம் கொல்லிமலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளிக்கு மாற்றலாகிச் சென்ற 34 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு நாமக்கல்லில் வேலை. நான்காம் வகுப்புப் படிக்கும் 9 வயது மகளுடன் செம்மேட்டில் வாடகை வீட்டில் தங்கியிருக்கும் இவர், திங்கள் காலை மலை ஏறி வெள்ளி மாலை ஊர் திரும்புகிறார். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். "பத்தாவது வளைவிலேயே வாயில் நீர் ஊறிவிடும், நடத்துநர் என் முகத்தைப் பார்த்தே பையை நீட்டிவிடுகிறார்" என்கிறார்.

மூன்று மாதங்களில் இவர் பார்க்காத வைத்தியம் இல்லை. மாமியார் சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறார். "சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை" என்பது அவர் வாதம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் மாமனாருக்கும் அதே கஷாயத்தை இரு வேளை தருகிறார். மருந்துக் கடையில் வாந்தி மாத்திரை என்று கேட்டபோது முதலில் ஒண்டான்செட்ரான் கொடுத்தார்கள். பேருந்தில் அது சிறிதும் உதவவில்லை. பிறகு கொடுத்த அவோமினைக் குமட்டல் தொடங்கியதும் போட்டுக்கொள்கிறார். வாந்தி நிற்கவில்லை, மதியம்வரை வகுப்பில் கண் சொக்குகிறது. கணவரின் நண்பர் 1,850 ரூபாய்க்கு ஒரு குப்பி சத்து மாத்திரை விற்றிருக்கிறார். இஞ்சிச் சாறு, வைட்டமின் பி6, வைட்டமின் சி, மெக்னீசியம் எல்லாம் அடங்கிய அதைத் தினமும் இரண்டு சாப்பிட வேண்டுமாம். இவற்றோடு, சந்தையில் வாங்கிய சூரணப் பொட்டலம் ஒன்று, சக ஆசிரியை தந்த ஹோமியோபதி உருண்டைகள், மணிக்கட்டில் கட்டும் பட்டை. ஒற்றைத் தலைவலிக்காக இரவில் 10 மில்லிகிராம் ஃபுளூனரிசின் மாத்திரையும் ஓராண்டாக நடக்கிறது.

இவற்றில் எது சிறந்தது, மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்பதால் அதையே தொடரலாமா, மூன்று மாதமாகியும் உடல் பழகாதது பலவீனமா என்பவை இவர் கேட்கும் மூன்று கேள்விகள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "அலைச்சலில் உடல் சூடாகி மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது, வெந்தயம் சாப்பிடுகிறேன், பத்து நாளாகப் புதன், வியாழன் காலையில்கூட வகுப்பில் குமட்டுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். திங்களன்று பேருந்தில் வந்த குமட்டல், இறங்கிச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். புதன்கிழமை காலை, அசையாத வகுப்பறையில், கையில் சுண்ணக்கட்டியோடு நிற்கும்போது வருவது பயணக் குமட்டலாக இருக்க முடியாது. மாதவிலக்கும் இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கும் நிலையில், நீங்கள் கருவுற்றிருக்கக்கூடும் என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். நாளைக் காலையே மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்துவிடுங்கள். இவ்வளவு நாள் தள்ளிப்போன பிறகு அதன் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கருவுற்றிருப்பவருக்கு அசைவைத் தாங்கும் திறன் குறைவதும், முன்பு தாங்கிய பாதையே தாங்காமல் போவதும் உண்டு. உங்கள் பையில் இருக்கும் மருந்துகளில் எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதும் இந்த ஒரு சோதனையின் முடிவைப் பொறுத்தே மாறும். ஆகவே, முடிவு தெரியும்வரை சத்து மாத்திரையையும் சூரணத்தையும் நிறுத்தி வையுங்கள். இரவு மாத்திரையைப் பற்றி அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் தொலைபேசியிலாவது நாளையே கேட்டுவிடுங்கள்.

இதுவரை போட்ட அவோமினை எண்ணிக் கலங்க வேண்டாம். அதிலுள்ள புரோமெத்தசின் நெடுங்காலமாகக் கர்ப்பகால வாந்திக்கும் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்து வந்திருக்கும் மருந்துதான்.

பேருந்தில் உடலுக்கு என்ன நேர்கிறது

நம் காதின் உட்பகுதியில், கேட்கும் உறுப்பை ஒட்டி, உடலின் அசைவையும் திரும்பலையும் உணரும் நுண்ணிய அமைப்பு ஒன்று இருக்கிறது. பேருந்து வளையும்போது அது "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில் மடியில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கும் கண், "அசையவே இல்லை" என்று சொல்கிறது. இந்த இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் பிறக்கிறது. உள்காது செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை என்பது இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் 1950களின் இறுதியிலிருந்து, விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்காக, உள்காதின் இந்த அமைப்பும் செயலிழந்த, காது கேளாத 11 பேரைக் கொந்தளிக்கும் கடலில் கப்பலேற்றியெல்லாம் சோதித்தார்கள். அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருக்க, உடன் சென்ற ஆய்வாளர்கள்தான் வாந்தியெடுத்தார்கள்.

இது வயிற்றின் பலவீனமும் அல்ல, மனத்தின் பலவீனமும் அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உங்கள் மகளின் வயதில்தான் அது உச்சத்தில் இருக்கும். மூன்று மாதமாகியும் உடல் பழகாததற்கான காரணம் உங்கள் கால அட்டவணையிலேயே இருக்கிறது. அசைவுக்கு மூளை பழகுவது அடுத்தடுத்த நாட்களில் தொடர்ந்து பயணித்தால்தான் நடக்கும். திங்களன்று ஒரு முறை, வெள்ளியன்று ஒரு முறை என்று இடைவெளி விழுந்தால், பழகியது ஏறக்குறைய அழிந்துபோகிறது. நீங்கள் ஒவ்வொரு திங்களும் புதிதாகத் தொடங்குகிறீர்கள்.

மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்ற எண்ணம்

உங்கள் கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பலர் இதே நம்பிக்கையோடு வருகிறார்கள். பயணக் குமட்டலுக்கு இன்றுவரை மிக வலுவான சான்றுள்ள மருந்துகளில் ஒன்று ஸ்கோபாலமின். மேலை நாடுகளில் அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பொருள் நம் சாலையோரத்து ஊமத்தையிலும் இருக்கிறது. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றி, உயிருக்கே ஆபத்து வருவதும் அதே பொருளால்தான். சரியான அளவில் அது மருந்து, அளவு தெரியாத செடியில் நஞ்சு. நம் சித்த மரபும் இதை அறியாததல்ல. "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்று சொல்லி, சுக்கின் தோலைச் சீவிவிட்டே மருந்தில் சேர்க்கிறார்கள். செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று பார்ப்பதைவிட, என்ன பொருள், எத்தனை மில்லிகிராம், யாருடைய உடலில், வேறெந்த மருந்தோடு என்று பாருங்கள். உங்கள் பையில் உள்ள ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒப்பிடுகிறேன்.

சுக்கும் இஞ்சியும்

மாமியாரின் கைவைத்தியத்தை நான் லேசாக எண்ணவில்லை. மூலிகைகளில் பயணக் குமட்டலுக்காக அதிகம் ஆராயப்பட்டது இஞ்சிதான். 1982-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், எளிதில் குமட்டும் இயல்புள்ள 36 மாணவர்களைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தபோது, பயணக் குமட்டலுக்கான டைமென்ஹைட்ரினேட் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட சுமார் ஒரு கிராம் இஞ்சித் தூள் சாப்பிட்டவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். இஞ்சிக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த ஆய்வுதான். அதன்பின் 1988-இல் டென்மார்க்கில், கடற்பயணம் பழகாத 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரு கிராம் இஞ்சித் தூளும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இஞ்சி சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் தெளிவாகக் குறைந்தன. ஆனால் குமட்டலும் கிறுகிறுப்பும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. நார்வேயில் திமிங்கிலம் பார்க்கப் படகேறிய 1,700-க்கும் மேற்பட்ட பயணிகளிடம் ஏழு வகை மருந்துகளை ஒப்பிட்டபோது, இஞ்சி மற்றவற்றுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே நின்றது. அங்கே வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு இல்லாததால், எல்லாமே வேலை செய்தனவா என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. 1991-இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலோ, சுழல் நாற்காலியில் இஞ்சி எந்தப் பலனும் தரவில்லை, ஸ்கோபாலமின் தந்தது.

முரணாகத் தோன்றும் இந்த முடிவுகளுக்கு இஞ்சி வேலை செய்யும் இடத்தை வைத்து ஒரு விளக்கம் சொல்லலாம். இரைப்பை இயல்பாக நிமிடத்திற்கு மூன்று முறை என்ற சீரான தாளத்தில் இயங்குகிறது. குமட்டலின்போது அந்தத் தாளம் கெட்டு விரைவாகிறது. இஞ்சி அந்தத் தாளக் கேட்டைத் தணிப்பதாகப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. உள்காதுக்கும் கண்ணுக்கும் இடையிலான பிணக்கை அது பெரிதாகத் தொடுவதாகத் தெரியவில்லை. எனவே மிதமான குமட்டல் உள்ளவருக்கு இஞ்சி போதும். எழுபது வளைவுகளில் பத்தாவதிலேயே பை கேட்கும் நிலைக்கு அது மட்டும் போதாமல் போகலாம்.

அளவையும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகளில் பயன்பட்டது பெரும்பாலும் ஒரு கிராம் உலர் தூள். அது ஏறக்குறைய தலைதட்டிய அரைத் தேக்கரண்டி. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒன்றிரண்டு வாய் உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். கஷாயமாகக் காய்ச்சும்போது எவ்வளவு சுக்கு தட்டிப் போடுகிறோம், எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்து வீரியம் நாளுக்கு நாள் மாறும். அளந்து போட்டால் அந்தக் குழப்பம் குறையும். பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மொரப்பாவைச் சுவைப்பதில் தவறில்லை, ஆனால் அதில் இனிப்புதான் பெரும்பகுதி. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சுக்கு எரிச்சலைக் கூட்டும். மாமனாருக்கு இரு வேளை கஷாயம் கொடுப்பதை மட்டும் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லாமல் தொடர வேண்டாம். சமையலில் சேரும் இஞ்சியால் கவலையில்லை. மருந்தளவில் தினமும் சேரும்போது, குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவருக்கு, ரத்தக் கசிவுக்கான வாய்ப்பைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கை உண்டு.

1,850 ரூபாய்க் குப்பி

குப்பியின் பின்புறத்தில் உள்ள பட்டியலை நீங்கள் அப்படியே எழுதி அனுப்பியது மிகவும் உதவியாக இருந்தது. ஒரு மாத்திரையில் வைட்டமின் பி6 100 மில்லிகிராம்; இரண்டு சாப்பிட்டால் 200. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது சுமார் 2 மில்லிகிராம்தான். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான அன்றாட உச்ச வரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன் வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறது. பி6 நீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிகுதி சிறுநீரில் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மையல்ல. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் உணர்வு நரம்புகள் பாதிக்கப்பட்டு, பாதத்திலும் விரல் நுனியிலும் மரத்துப்போதல், குத்தல், செருப்பு நழுவுவதுகூடத் தெரியாத நிலை வருவதுண்டு. அப்படி ஏதேனும் உணர்ந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பி6 குமட்டலுக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், கர்ப்பகாலக் குமட்டலிலிருந்து. அங்கே அது உண்மையில் உதவுகிறது. அதுவும் 10 முதல் 25 மில்லிகிராம் வரை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, மருத்துவர் சொல்லும்போது. பேருந்துக் குமட்டலுக்கு அது உதவும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இரண்டும் குமட்டல்தானே என்று ஒன்றன் மருந்தை மற்றொன்றுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வைட்டமின் சி பற்றி ஒரு சிறிய ஆய்வு உண்டு. செயற்கை அலை எழுப்பிய குளத்தில் உயிர்காப்புப் படகில் அமர்த்தப்பட்ட 70 பேரிடம் 2 கிராம் வைட்டமின் சி ஓரளவு பலன் தந்தது, முக்கியமாகப் பெண்களிடமும் இளைஞர்களிடமும். சுவையான செய்திதான், ஆனால் அதை வைத்து யாருக்கும் மருந்து எழுத நான் துணிய மாட்டேன்; உங்கள் குப்பியில் இருப்பதோ அதில் சிறு பங்கு. மெக்னீசியத்திற்கு இந்த விஷயத்தில் சொல்லும்படியான சான்று எதுவும் இல்லை. இத்தகைய பொருள்கள் நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வாசகம் அட்டையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் சிறிய எழுத்தில் அது தென்படும். கணவரின் நண்பர் நல்லெண்ணத்தோடு தந்திருக்கலாம், ஆனால் அதற்காக மாதம் 1,850 ரூபாய் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

சூரணம், உருண்டை, பட்டை

சந்தையில் செய்தித்தாளில் மடித்துத் தந்த பொட்டலத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. முறையாகத் தயாரிக்கப்படும் சித்த மருந்தில் உற்பத்தி உரிம எண், சேர்மானம், தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் அதை உங்கள் நாடி பார்த்து, மற்ற மருந்துகளைக் கேட்டு அறிந்து தருவார். பெயரில்லாப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. இத்தகைய பொடிகளில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு. வயிற்றில் கரு இருக்கக்கூடிய நேரத்தில் அதைத் தொடவே கூடாது.

சக ஆசிரியை தந்த உருண்டைகள் காக்கைக்கொல்லி விதையிலிருந்து தயாரிக்கப்படுபவை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விதை மீனை மயக்கப் பயன்பட்ட கொடிய நஞ்சு. ஹோமியோபதியில் அதைப் பல படிகள் நீர்த்துவிடுவதால் பொதுவாகத் தீங்கும் இருக்காது, பலன் உண்டு என்பதற்குத் தரமான சான்றும் இல்லை. மணிக்கட்டுப் பட்டையின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. தீங்கில்லை, விலை குறைவு, பிடித்தால் கட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வதும், உப்பு நாரத்தங்காயை வாயில் அடக்குவதும் அப்படியே. டீசல் நாற்றத்தை மறைப்பதே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

மாத்திரைகள் ஏன் கைவிட்டன

ஒண்டான்செட்ரான் நல்ல மருந்து. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்தியிலும், புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்தியிலும் அது பெரிதும் உதவுகிறது. ஆனால் பயணக் குமட்டல் வேறு வழியாக மூளையைச் சேர்கிறது. அந்த வழியை ஒண்டான்செட்ரான் அடைப்பதில்லை. வாந்திக்குக் கடைகளில் கொடுக்கும் மற்றொரு மருந்தான டொம்பெரிடோனும் அப்படித்தான். ஆகவே கடையில் வெறுமனே "வாந்தி மாத்திரை" என்று கேட்காதீர்கள்.

அவோமின் சரியான வகை மருந்து, நீங்கள் போட்ட நேரம்தான் தவறு. குமட்டல் தொடங்கியபின் இரைப்பை தன் உள்ளடக்கத்தைக் குடலுக்குத் தள்ளுவது மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கிறது, அல்லது வாந்தியில் வெளியேறுகிறது. எஞ்சியது மெதுவாக ரத்தத்தில் கலந்து, நீங்கள் கரும்பலகையின்முன் நிற்கும்போது தூக்கமாக வெளிப்படுகிறது. புறப்படுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே போட்டால்தான் அது பயன் தரும். அப்போதும் தூக்கம் வரும் என்பதால், வீட்டுக்குப் போய்ப் படுக்கக்கூடிய வெள்ளி மாலைக்கு அது பொருந்துமே தவிர, பாடம் நடத்த வேண்டிய திங்கள் காலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வாரம் ஒரு முறை போடுவதால் அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சம் வேண்டியதில்லை.

தூக்கம் குறைவாக வரும் என்று சொல்லி யாராவது உங்களுக்குச் சின்னரிசின் பரிந்துரைக்கலாம். பயணக் குமட்டலுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் இரவில் சாப்பிடும் ஃபுளூனரிசினும் அதுவும் ஒரே குடும்பம். இரண்டும் சேர்ந்தால் மந்தமும் உடல் எடையும் கூடும். நெடுநாள் பயன்பாட்டில் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரக்கூடும்.

இனி என்ன செய்யலாம்

சோதனையில் கருவுற்றிருப்பது உறுதியானால், மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்வரை சமையலளவு இஞ்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஒரு கிராம்வரை எடுக்கலாம். சுக்கு சூடு, கருவைக் கலைத்துவிடும் என்று வீட்டில் யாராவது பயமுறுத்தினால், அந்த அளவில் கருச்சிதைவோ குறைபாடோ கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் பி6-உம் டாக்ஸிலமின் என்ற மருந்தும் சேர்ந்த மாத்திரையை அவர் எழுதித் தருவார். கர்ப்பகாலக் குமட்டலுக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படும் மருந்து அதுவே. ஃபோலிக் அமிலத்தையும் தொடங்குவார். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளானால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவச் சான்றைக் காட்டி, முதல் சில மாதங்களுக்கு அடிவாரப் பள்ளி ஒன்றில் மாற்றுப் பணி கேட்டு விண்ணப்பிப்பதிலும் தயக்கம் வேண்டாம்.

கருவுறவில்லை என்றால், மாதவிலக்கு தள்ளிப்போனதற்கும் வாரநாள் குமட்டலுக்கும் வேறு காரணம் தேட வேண்டும். ஒற்றைத் தலைவலியே சிலருக்குத் தலைசுற்றலாக வெளிப்படுவதுண்டு. அசையாமல் இருக்கும்போதே சுற்றுவது, ஒரு காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவது இவற்றில் ஏதேனும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பயணத்திற்குத் திங்கள் காலையில் அளந்த சுக்குத் தூள், வெள்ளி மாலையில் தேவைப்பட்டால் நேரத்தோடு அவோமின் என்று நான்கு வாரம் பார்க்கலாம். அதையும் உங்கள் இரவு மாத்திரையோடு சேர்த்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டபின்.

எந்த மருந்தானாலும், இருக்கை மாறாமல் முழுப் பலன் கிடைக்காது. பேருந்தில் நோட்டுத் திருத்துவதாக எழுதியிருக்கிறீர்கள்; அதை இன்றே நிறுத்துங்கள். கைப்பேசியும் வேண்டாம். பின்சக்கரத்திற்கு மேலுள்ள இருக்கையை விட்டு, ஓட்டுநருக்குப் பின்னால் முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் இடத்தில் உட்காருங்கள். நடத்துநரிடம் காரணத்தைச் சொன்னால் இடம் ஒதுக்கித் தருவார். அடுத்த முறை ஏறும்போது ஓட்டுநரின் தலையைக் கவனியுங்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை வளைவின் உட்பக்கமாகச் சாயும்; பயணிகளின் தலைகள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். ஓட்டுநருக்குக் குமட்டாததற்கு ஒரு காரணம், அடுத்த அசைவை அவர் முன்கூட்டியே அறிவது. நீங்களும் வரப்போகும் வளைவைப் பார்த்து, தலையை அவரைப் போலவே உட்பக்கம் சாய்த்துப் பாருங்கள்; இப்படிச் செய்த பயணிகளுக்குக் குமட்டல் குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வாயில் நீர் ஊறத் தொடங்கும்போதே மூச்சை மெதுவாகவும் சீராகவும் இழுத்துவிடுவதும் மருந்தில் பாதியளவு பலன் தரும். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரியும் தின்றுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

மகளுக்கு முதலில் இந்த இருக்கை மாற்றத்தையும் தலைச் சாய்வையும் விளையாட்டாகக் கற்றுக்கொடுங்கள். இஞ்சி ஆய்வுகள் பெரும்பாலும் பெரியவர்களிடம் நடந்தவை, ஆகவே அவளுக்கு உணவில் சேரும் அளவே போதும். பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதற்குமுன் அவளுடைய எடையைச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். வயது ஏற ஏற அவளுக்கு இந்தத் தொல்லை தானாகவே குறைய வாய்ப்பு அதிகம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சத்து மாத்திரைக் குப்பி, சூரணப் பொட்டலம், இரவு மாத்திரையின் அட்டை ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துச் சென்று அவருடைய மேசைமீது வைத்துவிடுங்கள். பெயர் சொல்லி விளக்குவதைவிட அது எளிது, தவறும் நேராது.